வீமன் எங்களிடம் இருந்த ஐந்து நாட்கள்

"நாய்க்குட்டிதானே அக்கா, அஞ்சு நாளைக்கு நேரத்துக்குச் சோறு வைச்சாக் காணும்" என்று சொல்லிக்கொண்டே பனையோலைக் கடகத்தை எங்கள் கையில் தந்துவிட்டு, இறங்கிய பஸ்ஸிலேயே திரும்பவும் ஏறிக்கொண்டாள் தங்கை. கடகத்தின் வாயைத் துவாயால் மூடிக் கட்டியிருந்தாள். அந்தத் துவாய் எழும்புவதும் பதிவதுமாக இருந்தது. பஸ் கண்ணுக்கு மறையுமுன்னரே துவாயின் ஒரு மூலையைக் கடித்துப் பிரித்துக்கொண்டு ஒரு கறுத்த மூக்கு வெளியே வந்தது.

இது நடந்தது 2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில். வட்டக்கச்சியில் இருக்கும் தங்கையின் கணவருக்கு யாழ்ப்பாணத்தில் கண் சத்திரசிகிச்சை. அவள் கூடவே நிற்க வேண்டும். பெறாமகனைக் கிளிநொச்சி நகரத்தில் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே நாய் வளர்க்க இடமில்லை. நாங்களோ பளைக்கும் முகமாலைக்கும் இடையில், யாழ்ப்பாணம் போகிற வழியில் இருக்கிறோம். எனவே குட்டி எங்களிடம் வந்தது.

மூன்று மாதக் குட்டி. ஊர்ச் சாதி. மண்ணிற உடம்பு, நாலு காலும் வெள்ளை. பெயர் வீமன். கடகத்தின் அடியில் ஒரு பழைய சாரம், ஒரு அலுமினியக் கோப்பை, ஊசி போட்ட அட்டை, அதோடு அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒரு தாள். பெறாமகன் அப்போது ஆறாம் வகுப்பு. அவனுடைய எழுத்தில் இப்படி இருந்தது: "பெரியம்மா, பெரியப்பா, வீமனுக்குக் காலமை கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம், இரவு கொஞ்சம். கனக்க வைக்க வேண்டாம். மீன் முள்ளு வேண்டாம். இடி முழக்கத்துக்குப் பயம். அவன் கடிக்கிறேல்லை, விளையாடுறவன்."

அந்தத் தாளை நாங்கள் ஒருதரம் வாசித்துச் சிரித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டோம். இரண்டாவது தரம் வாசித்திருந்தால் பல தொல்லைகள் குறைந்திருக்கும்.

முதல் பிழையை அன்று பின்னேரமே செய்தோம். விருந்தாளி வந்திருக்கிறான், பசியோடு இருப்பான் என்று மத்தியானச் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிக் கோப்பை நிறைய வைத்தோம். வைத்ததெல்லாம் தின்றான். இன்னும் கேட்டான். எங்கள் வீட்டு ஆச்சியும் தன் பங்குக்குத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து கொடுத்தார். விடியப் பார்த்தால் வயிற்றாலை அடித்து முற்றம் முழுவதும் அசிங்கம். ஒரு குட்டியின் வயிறு சிறியது. புது இடம், புதுச் சாப்பாடு, அளவுக்கு மிஞ்சிய சாப்பாடு என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அது தாங்காது. வீட்டில் என்ன தின்றதோ அதையே, அதே அளவில், நாளுக்கு மூன்று நாலு தரமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் முறை. உறைப்பும் உப்பும் வெங்காயமும் சேர்ந்த கறி நாய்க்கு ஆகாது. வெங்காயம் அதன் இரத்தத்தையே கெடுக்கும். அவித்த கோழி எலும்பு உடைந்து ஊசிபோல் குடலில் குத்தும்.

அன்று வெறும் சோற்றைக் குழைய அவித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்தோம். பின்னேரம் அவன் வால் மறுபடியும் ஆடத் தொடங்கியதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஏனெனில் குட்டிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு எல்லாமே இப்படிச் சும்மா போவதில்லை. சத்தியும் இரத்தம் கலந்த கழிச்சலுமாகக் குட்டி சோர்ந்து விழுந்தால் அது பாவோ வைரஸ் நோயாக இருக்கலாம். 1978 வரைக்கும் உலகம் அறிந்திராத நோய் அது. பிறகு சில வருடங்களுக்குள் எல்லா நாடுகளுக்கும் பரவிவிட்டது. அப்படியான குட்டியை வீட்டில் வைத்துக் கைமருந்து பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

முதல் இரவு

ஆனால் கழிச்சலுக்கு முன்னர் ஒரு இரவு இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

நாய் என்றால் வெளியேதான் என்பது எங்கள் பழக்கம். மாட்டுக்கொட்டில் ஓரமாகச் சாக்கு விரித்து, ஒரு கயிற்றில் கட்டிவிட்டுப் படுத்தோம். பத்து மணிக்கு அழத் தொடங்கினான். முதலில் முனகல், பிறகு ஊளை. அதட்டினோம். அதட்டும்போது நிறுத்துவான், திரும்பிப் படுத்ததும் தொடங்குவான். அடுத்த வளவில் லாம்பு எரிவது தெரிந்தது. சொந்தக் காணி அல்லாத இடத்தில் குடியிருப்பவர்களுக்கு, அயலவரின் லாம்பு நடுச்சாமத்தில் எரிந்தால் வரும் கூச்சம் எப்படியென்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கட்டிய நாயின் அழுகை எங்கள் வீட்டில் வேறொரு நினைவையும் கொண்டுவரும். 2000ஆம் ஆண்டு சித்திரையில், ஆனையிறவுச் சண்டை எங்கள் பக்கம் நெருங்கிய நாட்களில், உழவு இயந்திரப் பெட்டியில் சாமானையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஒரு கட்டைத் தூரம் போனபின்னர்தான் எங்கள் நாய் மாமரத்தடியில் கட்டியபடியே நிற்கிறது என்று மூத்தவன் சொன்னான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் மறிக்குமுன்னரே குதித்து ஓடிவிட்டான். செல் விழுகிற சத்தத்துக்குள் ஓடிப்போய் அவிழ்த்துவிட்டு மூச்சிரைக்க வந்து ஏறினான். பெற்றவர்கள் அவனுக்கு அன்று அடித்த அடிக்காக இன்னும் வெட்கப்படுகிறோம். அவிழ்த்துவிட்ட நாய் கொஞ்சத் தூரம் எங்கள் பின்னால் வந்தது. பிறகு காணவில்லை.

ஆகவே வீமனை அழவிட்டுப் படுக்க எங்களால் முடியவில்லை. ஆச்சிதான் எழும்பிப் போய் அவிழ்த்து வந்தார். கடகத்துக்குள் இருந்த பழைய சாரத்தை எடுத்து எங்கள் பாயின் தலைமாட்டில் விரித்து அதில் விட்டார். சாரத்தில் அவனுடைய வீட்டு வாசம் இருந்தது. இரண்டுதரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுருண்டு படுத்தான். தாயையும் சகோதரங்களையும் அண்மையில் பிரிந்த குட்டி, இரண்டாவது தரமும் வீடு மாறினால் அழத்தான் செய்யும். முதல் ஒன்றிரண்டு இரவுகள் மனித மூச்சுக் கேட்கும் தூரத்தில் அதைப் படுக்க வைத்தால் பிறகு தானே பழகிவிடும். நடுவில் எழும்பி மணந்து மணந்து வட்டம் போட்டால் மூத்திரத்துக்கு என்று அர்த்தம். நித்திரையால் எழும்பியவுடன், தின்றவுடன், விளையாடி முடித்தவுடன் என்று இந்த மூன்று வேளையும் வெளியே விட்டோம். மூன்றாம் நாளிலிருந்து பாய் நனையவில்லை. பிழை விட்ட இடத்தில் மூக்கைத் தேய்க்கிற வழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் குட்டி ஒன்றையும் படிப்பதில்லை, ஆளைக் கண்டால் ஒளிக்கத்தான் படிக்கும்.

நாற்றுமேடை

இரண்டாம் நாள் கத்தரி நாற்றுமேடை போயிற்று.

கிணற்றுக்குப் பக்கத்தில் நன்றாகக் கொத்தி, எரு கலந்து, ஓலையால் நிழல் போட்டு வைத்த மேடை. காலையில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தோம். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் நடுமேடையில் ஒரு கிடங்கு. கிடங்குக்குள் வீமன் வயிற்றை ஈர மண்ணில் பதித்துப் படுத்திருக்கிறான். சுற்றிவர நாற்றுகள் வேரோடு கிடக்கின்றன. எங்களைக் கண்டதும் எழும்பி, வாயில் ஒரு நாற்றோடு ஓடினான். நாங்கள் துரத்தினோம். மிச்சம் இருந்ததில் பாதி எங்கள் காலுக்குள் மிதிபட்டுப் போயிற்று.

கோபம் தணிந்த பிறகு யோசித்தால் அவனுடைய நியாயமும் விளங்கியது. ஆவணி வெயில். சோளகம் வீசினாலும் அது சூட்டுக் காற்று. நாய்க்கு எங்களைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வளவிலேயே குளிர்ந்த இடம் எதுவென்று தேடியிருக்கிறான், கண்டுபிடித்திருக்கிறான். அது எங்கள் நாற்றுமேடை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று மத்தியானம் மேடையைச் சுற்றித் தென்னோலை மட்டையை நெருக்கமாக ஊன்றினோம். பூவரச மர நிழலில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு தென்னம் மட்டைத் துண்டைப் புதைத்து, இது உன் இடம் என்று காட்டினோம். அரை மணித்தியாலம் கிண்டினான், அதிலேயே படுத்தான். மற்ற நாட்களிலும் அங்கேதான் கிண்டினான். கிண்டாதே என்று குட்டிக்குச் சொல்லமுடியாது. எங்கே கிண்டலாம் என்றுதான் சொல்லமுடியும்.

கடிப்பதும் அப்படியே. குட்டிக்குப் பாற்பற்கள் இருபத்தெட்டு. மூன்றரை, நாலு மாதமளவில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் நாற்பத்திரண்டு பற்கள் முளைத்துவிடும். அந்த நாட்களில் முரசு ஊரும், எதையாவது கடித்தே ஆகவேண்டும். ஒரு சோடிச் செருப்பும் தும்புத்தடியின் பாதியும் அந்த வகையில் செலவு. பழைய செருப்பைக் கடிக்கக் கொடுக்கலாம் என்று அயலில் ஒருவர் சொன்னார். அது நல்ல யோசனை அல்ல. பழையது எது, பெருநாளுக்கு வாங்கியது எது என்று குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. பழைய துணியை இறுக முடிந்து குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கொடுத்தோம். விருப்பத்தோடு கடித்தான். துணியோ பொச்சோ எதுவானாலும் கொடுத்துவிட்டு அப்பால் போகக்கூடாது. பிரிந்த தும்பையும் நூலையும் விழுங்கினால் குடல் அடைத்துவிடும்.

தோட்டக்காரர் வீட்டில் இன்னும் சில கவனிக்க வேண்டியிருந்தது. பூச்சிமருந்துப் போத்தல்களை வளைக்கு மேலே ஏற்றினோம். எலிப்பாசாணம் வைத்த சிரட்டையை எடுத்துப் புதைத்தோம். வேலியோரத்து அலரியின் கொப்புகளை வெட்டி அப்புறப்படுத்தினோம், அதன் இலையும் பட்டையும் நஞ்சு. எங்கள் கிணற்றுக்குக் கட்டு இல்லை. அதன்மேல் பனைமட்டையைப் பரப்பி மூடினோம். உண்மையில் அது பிள்ளைகளுக்காக எப்போதோ செய்திருக்கவேண்டிய வேலை.

கோழியைப் பற்றியும் கேட்பீர்கள். கோழியைத் துரத்தினான். பத்துக் குஞ்சோடு நின்ற பேடு திரும்பி அவனைத் துரத்தியது. அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

பல் பட்ட பின்னேரம்

மூன்றாம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அயல் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் காலையிலேயே வந்துவிட்டார்கள். எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஓடட்டும், களைத்தால் இரவு சத்தமில்லாமல் படுப்பான் என்று நினைத்தோம். பிள்ளைகள் முறைவைத்து அவனை ஓட்டினார்கள். ஒருவர் களைத்தால் மற்றவர். குட்டிக்கு மட்டும் முறையில்லை, முழு நாளும் அவன்தான்.

பின்னேரம் நாலு மணியளவில் அவனுடைய ஓட்டம் மாறிவிட்டது. கண் சிவந்து, கூப்பிட்டால் திரும்பாமல், சீலை நுனி, காற்சட்டை, கை, கால் என்று எட்டினதையெல்லாம் பிடித்து இழுத்தான். இன்னும் உற்சாகம் கூடிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். கூடியது உற்சாகம் அல்ல, களைப்பு. இந்த வயதுக் குட்டி நாளொன்றுக்குப் பதினெட்டு மணித்தியாலம் அளவில் நித்திரை கொள்ள வேண்டும். கைக்குழந்தை நித்திரை தூங்கிச் சினந்து அழுவதை எல்லாத் தாய்மாரும் அறிவர். குட்டி அழுவதற்குப் பதிலாகக் கடிக்கும். அதை இன்னும் ஓடவிட்டால் இன்னும் கடிக்கும். அடுத்த வளவுச் சின்னப் பிள்ளை, ஐந்து வயது, பயந்து கையை மேலே தூக்கி ஓடினாள். அவன் பாய்ந்து பிடித்தான். புறங்கையில் பல் பட்டு இரத்தம் துளிர்த்தது.

பிள்ளையின் பேத்தி கோப்பித்தூளோடு ஓடிவந்தார். இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். நாங்கள் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனோம். சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினோம். கழுவுவதற்குப் பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம், பிள்ளை அழும், பெரியவர்கள் காணும் காணும் என்பார்கள். விடக்கூடாது. விசர்நாய்க்கடியின் வைரஸ் காயத்திலிருந்து நரம்பு வழியாகப் போவதற்கு முன்னர் அதைக் குறைக்க நம் கையில் இருக்கும் முதல் ஆயுதம் அந்தச் சவர்க்காரக் கட்டிதான். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் அதைச் செய்யாது. காயத்தைக் கிளறிக் கெடுக்கும்.

பிறகு ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு பிள்ளையின் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "சின்னக் கீறல்தானே, குட்டிதானே" என்று தாயே சொன்னாள். எங்களுக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. இருந்தும் போனோம். கீறல் பெரிதா சின்னதா, ஊசி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் வைத்தியரே தவிர நாங்கள் அல்ல. இந்த நோயின் குறிகள் ஒருதரம் தொடங்கிவிட்டால் பிறகு காப்பாற்ற முடிவதில்லை என்றே சொல்லலாம். அட்டையைப் பார்த்து, குட்டியைப் பற்றி விசாரித்து, செய்யவேண்டியதைச் செய்து அனுப்பினார்கள். குட்டியை இரண்டு கிழமைக்குக் கவனித்து வரச்சொன்னார்கள். அதில் மிச்ச நாட்களைத் தங்கை பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தவர்கள் 377 பேர். பிற்காலத்தில் அது ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும், கடிபட்டவர்கள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதற்குக் காரணங்கள். நாய்களுக்கான இந்த ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. மூன்று மாதம் ஆகாத குட்டிக்கும் போடலாம். ஊசி போடுபவர்கள் ஊருக்கு எப்போது வருவார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். இடம் மாறி மாறிப் போகும் குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழோடும் பங்கீட்டு அட்டையோடும் நாயின் ஊசி அட்டையையும் ஒரே பைக்குள் வைப்பது நல்லது. மனிதருக்கே இல்லாத காலத்தில் நாய்க்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் ஊசி போடாத ஒரு நாய், பிள்ளைகள் நிறைந்த ஒரு குடியிருப்பில், வளர்ப்பவரின் சொந்த விஷயமாக இருப்பதில்லை. ஊசி போட மனமில்லாதவர் குட்டி எடுக்காமல் இருப்பதே மேல் என்பது எங்கள் எண்ணம். அன்றிரவு அந்த அட்டை இல்லாதிருந்தால் அடுத்த வளவுத் தாயின் முகத்தை எப்படிப் பார்த்திருப்போம்?

சிவப்புப் பலகை

நாலாம் நாள் நடந்ததை எழுதவே இப்போதும் கை கூசுகிறது.

நாங்கள் இருந்தது உறவினர் ஒருவரின் காணி. எங்கள் சொந்தக் காணி அங்கிருந்து நடக்கிற தூரத்தில், சிவப்புப் பலகைகளுக்கு அப்பால் இருந்தது. 2000இலிருந்து 2009 வரை முகமாலையில் போர்முனை நின்றதை அறிவீர்கள். இரு பக்கமும் புதைத்தவை மண்ணுக்குள் கிடந்தன. 2009இல் செட்டிகுளம் முகாம், 2010இல் திரும்பி வரவு, அதன்பின் ஆறு வருடமாகப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று எங்கள் தலையில்லாத் தென்னைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வளவின் பின்வேலி, அதற்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒழுங்கை முடிகிற இடத்தில் மண்டையோடு கீறிய பலகை.

காலை ஒன்பது மணியிருக்கும். பொச்சுக் குவியலுக்குள் இருந்து ஒரு உடும்பு கிளம்பியது. வீமன் பின்னால் பாய்ந்தான். கிடுகு வேலியில் ஒரு பொத்தல் இருந்தது, அதனூடாக உடும்பு போயிற்று, குட்டி போயிற்று, நாங்கள் படலையைத் திறப்பதற்குள் மூன்று பிள்ளைகளும் வேலி பாய்ந்து ஒழுங்கையால் ஓடுகிறார்கள். "வீமா, வீமா" என்று கத்தியபடி. உடும்பு பலகையைத் தாண்டிப் பற்றைக்குள் மறைந்தது. வீமனும் தாண்டிவிட்டான். முன்னால் ஓடிய ஒன்பது வயதுப் பொடியன் பலகையடிக்கு வந்துவிட்டான்.

"நில்லுங்கோடா!"

ஆச்சியின் குரல் அவ்வளவு பெரிதாக எழும்பும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. பொடியன் நின்றான். பலகைக்கும் அவனுக்கும் இடையில் இரண்டு எட்டு இருக்கும். வீமன் அப்பால் ஒரு தென்னங்குற்றியடியில் நின்று திரும்பிப் பார்த்தான். வாலை ஆட்டினான். பிள்ளைகள் மறுபடியும் கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் முன்னங்காலைப் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கி, வா பிடி என்று விளையாட்டுக்கு அழைத்தான். ஒருவர் ஒரு எட்டு வைத்தால் அவன் பத்து எட்டு உள்ளே போவான்.

எங்களில் ஒருவருக்குக் கால் முன்னே போனது உண்மை. அடுத்தவர் கையைப் பிடித்து இழுத்தார். ஆச்சி சொன்னார்: "ஒருதரும் அவனைப் பாராதேங்கோ. எல்லாரும் திரும்பி இஞ்சாலை ஓடுங்கோ. சிரிச்சுக்கொண்டு ஓடுங்கோ." மாடு கன்று வளர்த்த கை அவருடையது. பிள்ளைகள் திரும்பி, கூக்குரல் போட்டுக்கொண்டு, ஒழுங்கையால் வீட்டுப் பக்கம் ஓடினார்கள். நாங்கள் பின்னால் ஓடினோம். ஆச்சி அலுமினியக் கோப்பையை அகப்பையால் தட்டினார். திரும்பிப் பார்க்காமல் ஓடுவதைப்போலக் கஷ்டமான ஒன்றை நாங்கள் செய்ததில்லை. படலையடிக்கு வரும்போது எங்கள் கால்களுக்குள்ளால் ஒரு மண்ணிற உருண்டை முந்திக்கொண்டு ஓடியது.

அவனைத் தூக்கிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அடிக்க ஓங்கிய கையையும் ஆச்சி தடுத்தார். "வந்ததுக்கு அடிச்சா, இனிக் கூப்பிட வராது" என்றார். அது உண்மை. ஓடியதற்காக அடிக்கிறோம் என்று நாம் நினைப்போம். திரும்பி வந்ததற்காக அடிக்கிறார்கள் என்றே குட்டி படிக்கும். கோப்பையில் சோறு வைத்தோம்.

அதன்பிறகு பொடியன் சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களை உலுக்கியது. "அவன் போயிட்டு வந்திட்டான்தானே, ஒண்டும் நடக்கேல்லை. அங்கை வெடி இல்லைப்போல." எங்கள் ஒழுங்கையில் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளைப் பின்னேரம் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொன்னோம். குட்டியின் பாரத்துக்கு வெடிக்காதது பிள்ளையின் பாரத்துக்கு வெடிக்கும் என்றாள். ஆடு போன தடம், நாய் போன தடம், உடும்பு போன தடம் எதுவும் பாதை அல்ல என்றாள். தான் முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அளவான ஒடுக்கமான பாதையை நாள் முழுவதும் துப்புரவாக்கினாலும் எவ்வளவு கொஞ்சத் தூரம் போகமுடிகிறது என்று கையால் அளந்து காட்டினாள். பந்து போனாலும், பட்டம் போனாலும், குட்டி போனாலும் நின்ற இடத்திலேயே நின்று பெரியவரைக் கூப்பிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். மிதிவெடி தேடப் பழக்கிய நாய்களும் உண்டே என்று ஒரு பிள்ளை கேட்டது. உண்டு, இலங்கையிலும் பயன்படுத்தினார்கள், அவை நீண்ட நாள் பயிற்சி பெற்றுக் கயிற்றில் போகிறவை, வீமன் உடும்பு தேடுகிறவன் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

2017 மார்கழியில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலையிலும் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. பலகை நிற்கும் அயலில் வாழ்கிற குடும்பம் எதுவானாலும், வளர்ப்பு மிருகத்தின் பின்னால் ஓடாதே என்பதைப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்க முன்னரே பழக்க வேண்டியிருக்கிறது.

அன்றே வேலிப் பொத்தலை முள்ளுக் கொப்பு வைத்து அடைத்தோம். பழைய சீலைக் கரையை நாலாக மடித்துத் தைத்துக் கழுத்துப் பட்டி செய்தோம், இரண்டு விரல் உள்ளே போகிற தளர்வில். இறுகும் சுருக்குப் போட்டால் குட்டி முறுகி மூச்சடைத்துச் சாகும். வேலிக்கும் கிணற்றுக்கும் எட்டாத இடத்தில், பூவரச நிழலில், பத்து முழக் கயிறு. முதல் அரை மணித்தியாலம் கயிற்றோடு சண்டை. பிறகு படுத்து நித்திரையாகிவிட்டான். மூன்று நாளாக நாங்கள் ஓடி ஓடிக் கொடுக்கமுடியாததை அந்தக் கயிறு கொடுத்தது. விளையாட்டுக் கொஞ்சம், நித்திரை கூட என்று வைத்துக்கொண்டோம். கால் மணித்தியாலம் அவிழ்த்து விளையாட்டு, கடிக்கத் தொடங்கினால் உடனே கையை எடுத்து எழும்பிப் போய்விடுவது, பிறகு நிழலில் கட்டி ஓய்வு. பிள்ளைகளையும் ஒருவர் ஒருவராகத்தான் விட்டோம்.

ஐந்தாம் நாள் பின்னேரம் தங்கையும் கணவரும் வந்து இறங்கினார்கள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "ஆள் குழப்படியோ?" என்று கேட்டார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். நாற்றுமேடையைச் சொன்னபோது தங்கை சிரித்தாள். அடுத்த வளவுப் பிள்ளையைச் சொன்னபோது எழும்பி, கொண்டுவந்த விசுக்கோத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். பலகையைச் சொன்னபோது குட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

போகும்போது பட்டியையும் கயிற்றையும் கடகத்துக்குள் வைத்தோம். துவாயைக் கட்ட வேண்டியிருக்கவில்லை, படுத்தபடியே போனான்.

இரண்டு கிழமை கழித்துப் பெறாமகன் ரெலிபோன் எடுத்தான். வீமன் சுகம், இரண்டு கிழமையும் வடிவாகக் கவனித்ததாகச் சொன்னான். கயிற்றைக் கண்டால் தானே வந்து கழுத்தை நீட்டுகிறானாம். "பெரியம்மா, அவன் உங்கடை வீட்டிலை என்ன செய்தவன்?" என்று கேட்டான். அம்மாவிடம் கேள் என்று சொல்லிவிட்டோம். நாற்றுமேடையில் கடைசியில் தப்பியது முப்பத்தேழு கன்று. மாரிக்கு முன்னர் நட்டதில் முதற்காய் பிடித்ததும் ஒரு பை நிறையப் பிடுங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகிற பஸ்ஸில் தங்கைக்குக் கொடுத்துவிட்டோம்.